அடுக்குக் குறைகடத்திகளும் அழுத்தமும்: ஞாயிறு கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில், உயர் அழுத்தத்தில் அடுக்குக் குறைகடத்திகள் (மெல்லிய அடுக்குகளாக அமைந்த, ஓரளவே மின்சாரம் கடத்தும் படிகங்கள்) உலோகமாக மாறுவதைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்பொருளைத் தமிழில் எழுத முன்வந்த கட்டுரையாளருக்கும், அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கிய தங்களுக்கும் முதற்கண் என் நன்றி. ஆனால் கட்டுரை முழுவதையும் தாங்கி நின்ற உவமை பிழையானது. அதிலிருந்து பெறப்பட்ட முடிவும் பிழையானது. 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்தவன் நான். இத்தகைய கட்டுரைகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவன் ஆதலால், இதைச் சுட்டிக்காட்டுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லை அச்சில் இட்டு அழுத்த அழுத்த அது இறுகுவதைப் போல, அடுக்குக் குறைகடத்தியையும் அழுத்த அழுத்த அணுக்கள் நெருங்கி மின்சாரம் எளிதாகப் பாய்கிறது என்பது கட்டுரையின் கூற்று. ஆத்தங்குடிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே அதிகத் தொலைவில்லை. அங்கே பூக்கல் செய்யும் கொட்டகைகளில் கல்லை அழுத்தும் வேலையே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் கட்டங்களுக்குள் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன்மேல் காய்ந்த மணலையும் சிமெண்டையும் தூவி, அதற்கும் மேல் ஈரக் கலவையை இட்டு நிரவி விடுகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். கல்லின் உறுதி சிமெண்ட் நீரோடு சேர்ந்து இறுகுவதால் வருவது. அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. உவமைக்கு ஆதாரமாகக் கொண்ட செய்தியே தவறு என்பதை எங்கள் ஊர்க் கைவினைஞர்களின் பொருட்டுச் சொல்லிவிட்டு, இயற்பியலுக்கு வருகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி முதுகலை இயற்பியல் படிக்கிறாள். கட்டுரையைப் படித்துவிட்டு அவள் என்னிடம் கேட்ட கேள்வி இது: “ஐயா, அணுக்கள் நெருங்குவதுதான் காரணம் என்றால், ஒரே ஓர் அடுக்கை மட்டும் உரித்தெடுத்து அழுத்தினாலும் இதேதானே நடக்க வேண்டும்?” சரியான கேள்வி. நடப்பது இதற்கு நேர்மாறானது. மாலிப்டினம் டைசல்பைடு என்னும் அடுக்குக் குறைகடத்தியின் தனி அடுக்கை அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, அதன் ஆற்றல் இடைவெளி (கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு மின்சாரத்தைக் கடத்தத் தேவைப்படும் ஆற்றல்) சுமார் 1.85 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 16 கிகா பாஸ்கல் அழுத்தத்தில் 2.08 எலக்ட்ரான் வோல்ட் வரை கூடியது. அதாவது, மின்கடத்தலுக்கான தடை ஏறியது. அதே பொருளைப் பல அடுக்குகள் கொண்ட படிகமாக எடுத்து அழுத்தினால் இடைவெளி குறைந்து, ஏறத்தாழ 19 கிகா பாஸ்கலில் அது உலோகத் தன்மை அடைவதாக 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பொருள் ஒன்றே, அணுக்களும் அவையே, அழுத்தமும் ஒரே வரம்பில். விளைவு மட்டும் எதிரெதிர். ஆகவே, இம்மாற்றத்தின் வேர் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் இருக்கிறது. கட்டுரையில் ஓரிடத்திலும் சொல்லப்படாத செய்தி இதுதான்.

அந்த நடுவிடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மாலிப்டினம் டைசல்பைடில் ஒவ்வோர் அடுக்கும் உண்மையில் மூன்று அணுத் தளங்களால் ஆனது: மேலும் கீழும் கந்தகத் தளங்கள், நடுவில் மாலிப்டினத் தளம். இம்மூன்றையும் இணைப்பது வலுவான சகப்பிணைப்பு. ஓர் அடுக்கின் நடுத்தளத்திலிருந்து அடுத்த அடுக்கின் நடுத்தளம் வரை சுமார் 6.15 ஆங்ஸ்ட்ராம் தொலைவு இருக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி வெறும் இடைவெளி. அந்த இடைவெளியைக் கடந்து அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது வாண்டர்வால்ஸ் விசை என்னும் மெல்லிய ஈர்ப்பு மட்டுமே. தேக்கு அலமாரியில் மடித்து அடுக்கிய கண்டாங்கிச் சேலைகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு சேலைக்குள் ஊடும் பாவும் பின்னி நிற்கின்றன. ஒரு சேலையையும் அடுத்த சேலையையும் இணைக்க ஓர் இழைகூட இல்லை. மேலே பாரம் வைத்தால் நூல் நசுங்குவதற்கு வெகு முன்பே சேலைகளுக்கு நடுவிலுள்ள தளர்ச்சி போய்விடும். பாரம் மேலும் கூடினால், மடிப்பு மடிப்பாக நிற்கும் சேலைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறும். படிகத்திலும் இவை இரண்டும் இதே வரிசையில் நிகழ்கின்றன. உவமை இங்கே முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: சேலை எத்தனை நெருங்கினாலும் சேலையாகவே இருக்கும், படிகம் அப்படியன்று.

முதலில் நெருக்கம். அழுத்தம் ஏறும்போது அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் படிகம் விரைவாகச் சுருங்குகிறது. அடுக்கின் தளத்துக்குள் சுருக்கம் அதைவிடக் குறைவு. மேலடுக்கின் அடிப்பகுதியிலுள்ள கந்தகமும் கீழடுக்கின் மேற்பகுதியிலுள்ள கந்தகமும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன; அவற்றின் எலக்ட்ரான் முகில்கள் மேற்பொருந்தத் தொடங்குகின்றன. இம்மேற்பொருத்தம், கட்டுண்ட எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளான இணைதிறன் பட்டையின் உச்சியை மேலே தள்ளுகிறது. மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளான கடத்துப்பட்டையின் அடிப்பகுதி கீழிறங்குகிறது. பல அடுக்குப் படிகத்தில் சாதாரண நிலையில் 1.2 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியிருக்கும் ஆற்றல் இடைவெளி இவ்வாறு இரு புறமிருந்தும் குறுகி, ஒரு கட்டத்தில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. இடைவெளி சிறிது குறைந்தாலே கடத்துத்திறன் எவ்வளவு கூடுகிறது என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மாசற்ற குறைகடத்தியில், அறை வெப்பநிலையில், இடைவெளி 0.1 எலக்ட்ரான் வோல்ட் குறைந்தால் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் மின்னூட்ட ஊர்திகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 7 மடங்காகிறது. இயற்கையில் கிடைக்கும் படிகங்களில் மாசு இருப்பதால் அளவீடு இத்தனை ஒழுங்காக இராது என்பது வேறு செய்தி. தனி அடுக்கில் இந்த மேற்பொருத்தத்துக்கு அண்டை அடுக்கே இல்லை. அங்கே எஞ்சுவது தளத்துக்குள் மாலிப்டினமும் கந்தகமும் நெருங்கிப் பிணைப்பு வலுப்பதுதான். அதனால்தான் பேத்தியின் கேள்விக்கு எதிர்மாறான விடை கிடைக்கிறது.

அடுத்தது வழுக்கல். சாதாரண அழுத்தத்தில் ஓர் அடுக்கின் மாலிப்டினம் அடுத்த அடுக்கின் கந்தகத்துக்கு நேரே அமைந்திருக்கும். 20 கிகா பாஸ்கலை ஒட்டி, அடுக்குகள் பக்கவாட்டில் நகர்ந்து, மாலிப்டினத்துக்கு நேரே மாலிப்டினம் வரும் வேறோர் அமைப்பைப் பெறத் தொடங்குகின்றன. இது ஒரே நொடியில் முடிவதன்று. பழைய அடுக்கமைப்பும் புதியதும் பல கிகா பாஸ்கல் வரை ஒரே படிகத்தில் கலந்தே காணப்படுகின்றன. இதில் எந்தச் சகப்பிணைப்பும் அறுவதில்லை. லாரிப் பணிமனைகளில் மோலி கிரீஸ் என்று வாங்கிப் பூசுகிறார்களே, அந்தக் கருநிறக் கிரீஸில் கலந்திருப்பதும் இதே மாலிப்டினம் டைசல்பைடுதான். அதை மசகுப் பொருளாக்கும் வழுக்கும் குணமே உயர் அழுத்தத்தில் அதன் அமைப்பை மாற்றும் வழியாகவும் அமைகிறது. எனக்கு இப்பொருளில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தருமபுரி மாவட்டத்து அரூர் பகுதிப் பாறைகளில் மாலிப்டினைட் கனிமமாகவே இப்பொருள் கிடைக்கிறது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

மேலும் அழுத்தினால் என்ன ஆகும்? இந்தப் புதிய அமைப்பிலேயே, 90 கிகா பாஸ்கலை ஒட்டி மாலிப்டினம் டைசல்பைடு மீக்கடத்தியாகிறது; அதாவது, போதிய அளவு குளிர்வித்தால் அதன் மின்தடை முற்றிலும் அற்றுப்போகிறது. இன்னும் உயர்ந்த அழுத்தத்தில் மீக்கடத்தும் வெப்பநிலை 12 கெல்வின் வரை, அதாவது பூச்சியத்துக்குக் கீழே 261 டிகிரி செல்சியஸ் வரை, எட்டுகிறது. கட்டுரை இதைச் சொல்லியிருந்தது. ஆனால் “அறை வெப்பநிலையில்” என்று வாசகர் பொருள்கொள்ளும்படி சொற்றொடர் அமைந்திருந்தது. இதைத் தாங்கள் தனியே திருத்தி வெளியிட வேண்டும்.

“மின்தடை பெரிதும் வீழ்ந்தது, எனவே பொருள் உலோகமாயிற்று” என்ற வரியையும் என்னால் ஏற்க முடியவில்லை. மின்தடை ஆயிரம் மடங்கு வீழ்ந்தாலும் ஒரு பொருள் குறைகடத்தியாகவே இருக்கலாம். உலோகமா இல்லையா என்பதைச் சொல்ல, அதே அழுத்தத்தில் வைத்துக்கொண்டு வெப்பநிலையை மாற்ற வேண்டும். குளிர்விக்கும்போது மின்தடை ஏறினால் அது குறைகடத்தி; இறங்கினால் உலோகம். இச்சோதனையைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனே புரிந்துகொள்வான். அதை விட்டுவிட்டு ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால், அவன் மனத்தில் பதிவது எண்தான், அறிவன்று.

அளவீட்டுக் கருவியைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. இடப் பற்றாக்குறை எனக்குப் புரிகிறது; ஆனாலும் அக்கருவியின் எளிமையைத் தமிழ் வாசகர் அறிய வேண்டும். 1950-களின் இறுதியில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் உருவான வைரப் பட்டடைக் கலத்தில், தோட்டில் பதிக்கும் அளவுள்ள இரண்டு வைரங்களின் கூர்முனைகளைச் சிறு வட்டமாகத் தேய்த்து, எதிரெதிரே வைத்து, நடுவில் துளையிட்ட உலோகத் தகட்டுக்குள் படிகத்தை வைத்து நெருக்குகிறார்கள். முனையின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 20 கிகா பாஸ்கல் அழுத்தத்தைத் தர அதன்மேல் ஏறத்தாழ 144 கிலோ எடை போதும். 1 கிகா பாஸ்கல் என்பது ஏறத்தாழ 10,000 வளிமண்டல அழுத்தம் என்பதையும், சமையலறைக் குக்கருக்குள் இருப்பது இரண்டு வளிமண்டலம் அளவே என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் வியப்பு புரியும். பரப்பு சிறிதானால் அழுத்தம் பெரிதாகும் என்று ஒன்பதாம் வகுப்பில் ஊசி முனையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த அதே விதிதான். வைரம் ஒளிபுகும் பொருள் ஆதலால் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். எக்ஸ் கதிரைச் செலுத்தி அடுக்கின் தொலைவை அளக்கலாம். லேசரைச் செலுத்தி, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த விளைவைக் கொண்டு அணுக்களின் அதிர்வையும் அறியலாம். அடுக்குக்குச் செங்குத்தாக அதிரும் கந்தக அணுக்களின் அதிர்வெண், தளத்துக்குள் அதிர்வதைவிட வேகமாக அழுத்தத்தோடு ஏறுவது, நெருக்கம் எந்தத் திசையில் நடக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. அழுத்தத்தின் அளவைச் சொல்வது உள்ளே வைத்த ஒரு துளி மாணிக்கம். அதன் சிவப்பு ஒளிர்வின் அலைநீளம் 1 கிகா பாஸ்கலுக்குச் சுமார் 0.365 நானோமீட்டர் வீதம் நகர்கிறது.

இங்கேதான் செய்தி எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. படிகத்தைச் சுற்றி அழுத்தத்தைக் கடத்தும் ஊடகம் எது என்பதைப் பொறுத்து முடிவே மாறலாம். மெத்தனாலும் எத்தனாலும் 4:1 விகிதத்தில் கலந்த நீர்மம் 10 கிகா பாஸ்கல் வரைதான் நீர்மமாக நின்று எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். அதற்குமேல் அது உறைந்துவிடும். ஹீலியம், நியான் போன்ற வாயுக்கள் மேலும் உயர் அழுத்தம் வரை ஏறத்தாழச் சமமான அழுத்தத்தைத் தரும். திண்ம உப்பை ஊடகமாக்கினாலோ ஊடகமே இல்லாவிட்டாலோ, ஒரு திசையில் கூடுதலாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் நெருக்கம் விழும். பக்கவாட்டு நகர்வுக்கு இவ்வளவு இடங்கொடுக்கும் அடுக்குப் பொருளில் அந்த வேறுபாடு சிறியதன்று. எந்த அழுத்தத்தில் மாற்றம் தொடங்கும், அழுத்தத்தை எடுத்தபின் பொருள் பழைய நிலைக்குத் திரும்புமா என்பவைகூட அதனால் மாறலாம். ஒரே பொருளுக்கு இரண்டு ஆய்வுகள் இரண்டு எண்கள் தரும்போது, ஒன்று பொய் என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மாலிப்டினம் டைசல்பைடின் வழி எல்லா அடுக்குப் பொருளுக்கும் பொருந்தாது. கருப்புப் பாஸ்பரஸை எடுத்துக்கொள்வோம். 1914-இல் பெர்சி பிரிட்ஜ்மன் வெள்ளைப் பாஸ்பரஸை 200 டிகிரி செல்சியஸில், 1.2 கிகா பாஸ்கல் அழுத்தத்தில் வைத்தபோது எதிர்பாராமல் கிடைத்த பொருள் அது. அழுத்தத்தாலேயே பிறந்த அடுக்குக் குறைகடத்தி. உயர் அழுத்த இயற்பியலுக்காக அவருக்கு 1946-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருப்புப் பாஸ்பரஸின் 0.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி, அமைப்பு மாறுவதற்கு முன்பே, 2 கிகா பாஸ்கலை எட்டுவதற்குள் மூடிவிடுகிறது. 5 கிகா பாஸ்கலை ஒட்டி அடுக்குகளே வேறு வடிவில் மடிந்து அமைகின்றன. 10 கிகா பாஸ்கலைத் தாண்டியதும் அடுக்கு என்ற அமைப்பே மறைந்து எளிய கனசதுரப் படிகமாகிறது. பிஸ்மத் டெல்லுரைடு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஐந்தைந்து அணுத் தளங்களாக அடுக்கிய இப்பொருளில், 14 கிகா பாஸ்கலுக்கு மேல் பிஸ்மத்தும் டெல்லுரியமும் தத்தம் இடங்களை விட்டு, ஒரே படிகக் கூட்டில் இடம் கலந்து நிற்கும் உலோகக் கலவை போலாகிவிடுகின்றன. இவற்றையெல்லாம் ஒரே வாக்கியத்தில் “நெருங்கின, கடத்தின” என்று சொல்லிவிடுவது, ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே முகப்பு என்று சொல்வதைப் போன்றது.

அழுத்தினால் கடத்துத்திறன் கூடத்தான் வேண்டும் என்ற விதியும் இல்லை. சோடியம் நமக்குத் தெரிந்த நல்ல உலோகங்களுள் ஒன்று. 2009-இல் அதை ஏறத்தாழ 200 கிகா பாஸ்கலுக்கு உட்படுத்தியபோது அது ஒளிபுகும் மின்கடத்தாப் பொருளாயிற்று. சோடியம் அடுக்குப் பொருளன்று என்றாலும், அணுக்கள் நெருங்கினால் கடத்தும் என்ற எளிய வாய்பாட்டை இந்த ஓர் எடுத்துக்காட்டே முறித்துவிடுகிறது.

இத்துறையில் நம்மவர் பங்கைக் கட்டுரை குறிப்பிடாமல் விட்டது எனக்கு வருத்தம். ராமனிடம் பணியாற்றிய ஏ. ஜெயராமன், பின்னர் பெல் ஆய்வகத்தில் உயர் அழுத்த ஆய்வில் முன்னின்றவர். சமாரியம் சல்பைடு என்னும் கருநிறக் குறைகடத்தி வெறும் 0.65 கிகா பாஸ்கலில் பொன்னிற உலோகமாக மாறுவதை 1970-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். வைரப் பட்டடைக் கலம் பற்றி அவர் 1983-இல் எழுதிய விரிவான கட்டுரை பல தலைமுறை ஆய்வாளர்களுக்குப் பாடமாக இருந்தது. எங்கள் ஊரிலேயே, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மின்கலத்தில் லித்தியம் நுழைந்து வெளியேறுவதும் இத்தகைய அடுக்குகளின் நடுவிலுள்ள இடைவெளியில்தான். காரைக்குடி மாணவர்களுக்கு அடுக்குப் படிகம் என்பது தொலைதூரப் பொருளாக இருக்கத் தேவையில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது சில. மீக்கடத்தும் வெப்பநிலையைத் திருத்தி அடுத்த ஞாயிறன்றே வெளியிடுங்கள். இனி இத்தகைய செய்தி வரும்போது, அழுத்த அளவோடு அதைக் கடத்திய ஊடகத்தையும், எத்தனை அடுக்கு கொண்ட படிகம் என்பதையும், உலோகம் என்ற முடிவுக்கு எந்தச் சோதனை அடிப்படை என்பதையும் ஒரு வரியிலாவது சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுரையாளர் விரும்பினால் என் பழைய வகுப்புக் குறிப்புகளை அவருக்கு அனுப்பி வைக்க அணியமாக இருக்கிறேன்.

இக்கடிதத்தோடு, அடுக்குகள் வழுக்குவதற்கு முன்னும் பின்னும் அமையும் நிலையைப் பேத்தி மையால் வரைந்த இரண்டு படங்களை இணைத்துள்ளேன். இடப்பக்கப் படத்தில் மாலிப்டினத்துக்கு நேரே கந்தகமும், வலப்பக்கப் படத்தில் மாலிப்டினத்துக்கு நேரே மாலிப்டினமும் வருகின்றன. இடம் கருதிப் படங்களைச் சிறிதாக்க நேர்ந்தாலும், மேலடுக்கு அணுவையும் கீழடுக்கு அணுவையும் இணைக்கும் அந்தப் புள்ளிக்கோட்டை மட்டும் நீக்கிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காரைக்குடி.